வீட்டுக்குப் பெயிண்ட்: சுவரைத் தயார் செய்வது முதல் கடைசி கோட்டிங் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வீடு கட்டுபவர்களும், பழைய வீட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டில் செங்கல், சிமென்ட் பூச்சு வைத்துக் கட்டிய வீடுகளை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எந்த பெயிண்ட் வாங்கினால் சுவர் பளிச்சென்று வரும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் வேலையில் இது கடைசியாக வரவேண்டிய கேள்வி. இரண்டு கோட்டிங் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) காய்ந்த பிறகு அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு மெல்லிய படலம் மேடு பள்ளத்தை மறைக்காது, ஓதத்தைத் தடுக்காது, உதிரும் பூச்சைப் பிடித்து நிறுத்தாது. அடியில் இருப்பதை அப்படியே காட்டும், அவ்வளவுதான். விலை கூடிய, பளபளப்பான பெயிண்ட் என்றால் இன்னும் தெளிவாகவே காட்டும்.

கையில் உள்ள பணம் அளவானது என்றால், நடுத்தர விலையில் ஒரு எமல்ஷன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை மட்டமாக்கும் மெல்லிய பூச்சு) வேலைக்கும் ஓதத்தைச் சரிசெய்வதற்கும் செலவழியுங்கள். சுவரைக் கவனிக்காமல் உயர்ந்த ரகம் வாங்கி அடித்த வீட்டைவிட இந்த வீடு நன்றாக இருக்கும், நெடுநாள் தாங்கும்.

புதுப் பூச்சு முடிந்து எத்தனை நாள் கழித்துப் பெயிண்ட் அடிக்கலாம்?

தண்ணீர் அடித்து ஆற்றும் நாட்களையும் சேர்த்துக் குறைந்தது 28 நாள். மழைக்காலம் என்றால் இன்னும் கூடுதலாக விடுங்கள். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று ஈரம். மற்றொன்று சிமென்டின் காரத்தன்மை. புதுப் பூச்சின் பி.எச். 12-க்கு மேல் இருக்கும். அதன்மேல் எண்ணெய் சார்ந்த பெயிண்டை அடித்தால் காரம் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாக மாறும்; பெயிண்ட் பிசுபிசுத்து உரியும். எமல்ஷன் அந்த அளவுக்குக் கெடாது என்றாலும் நிறம் திட்டுத் திட்டாக வெளிறிப்போகும்.

சுவர் உண்மையிலேயே காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் காற்று போகாமல் டேப் ஒட்டிச் சுவரில் ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, இன்னும் காத்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது அறையின் காற்றிலிருந்து வந்தது. தரையை ஒட்டிய பகுதியில் ஒன்று, வெளிச்சுவரின் உட்பக்கத்தில் ஒன்று, குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் ஒன்று என மூன்று இடத்தில் ஒட்டிப் பாருங்கள்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ முன்னால்தானே எல்லோரும் அடிக்கிறார்கள்?

அந்த வழக்கம் சுண்ணாம்புக் காலத்திலிருந்து வந்தது. சுண்ணாம்பு அடிக்கும்போது சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே அடிப்பார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டுதான் சுண்ணாம்பு இறுகும். அதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். இறுகிய பிறகும் சுவர் மூச்சுவிடும். ஆகவே மழை ஓய்ந்த மார்கழியில் வெள்ளையடித்துப் பொங்கலை வரவேற்றதில் ஒரு பிழையும் இல்லை.

எமல்ஷன் வேறு சங்கதி. அது சுவரின்மேல் ஒரு பிளாஸ்டிக் படலமாகப் படிகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்து சுவர் குடித்த நீரெல்லாம், தை பிறந்த பிறகுதான் மெல்ல வெளியேறும். அதற்குள் படலத்தால் மூடிவிட்டால் ஏப்ரல், மே வெயிலில் அந்த ஈரம் பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளும். வெளிச்சுவர் வேலைக்குப் பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். பண்டிகைக்கு அடித்தே ஆக வேண்டும் என்றால், மழைபடாத உள்சுவர்களை மட்டும் இப்போது முடித்துக்கொண்டு வெளிச்சுவரைக் கோடைக்குத் தள்ளிப்போடுங்கள்.

கோடையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுட்டுக்கொண்டிருக்கும் சுவரில் அடித்தால் பிரஷ் இழுத்த தடம் அப்படியே காய்ந்துவிடும். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று நிழலைப் பார்த்து வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சுவரின் அடிப்பக்கம் உப்பு பூத்து உதிர்கிறது. டேம்ப் புரூஃப் பெயிண்ட் அடித்தால் நின்றுவிடுமா?

நிற்காது. செங்கலிலும் மணலிலும் பூச்சுக்குக் கலந்த தண்ணீரிலும் இருக்கும் உப்பு, ஈரத்தில் கரைந்து சுவரின் மேல்பரப்புக்கு வருகிறது. நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் வெள்ளைப் பொடியாகத் தங்குகிறது. உப்புத்தண்ணீர் போர்வெல் உள்ள பகுதிகளிலும் கடற்கரை ஊர்களிலும் இது அதிகம். மேலே எதை அடித்தாலும், பின்னாலிருந்து நீர் வந்துகொண்டே இருந்தால் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

முதலில் நீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். கசியும் குழாயா, குளியலறைத் தரையின் இணைப்பா, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, கைப்பிடிச் சுவரின் தலைப்பில் விரிசலா, வெளியே மண்மட்டம் வீட்டின் தரையைவிட உயர்ந்திருக்கிறதா? தெருவை உயர்த்தி உயர்த்திச் சாலை போட்டதால் தாழ்ந்துபோன பழைய வீடுகளில் இந்தக் கடைசிக் காரணம்தான் பெரும்பாலும் இருக்கும். வழியை அடைத்துவிட்டுச் சுவரை உலர விடுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து எடுத்துவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பூச்சே பொலபொலவென்று உதிர்ந்தால், ஈரம் ஏறிய மட்டத்துக்கு மேலே ஓர் அடி வரை கொத்திவிட்டுப் புதுப் பூச்சு போடுவதுதான் சரி. பட்டியும் பிரைமரும் (பெயிண்ட் சுவரைப் பிடிக்க அதற்கு அடியில் அடிப்பது) அதற்கப்புறம்.

பூஞ்சணமோ பாசியோ இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை அடித்து, ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி, காயவிடுங்கள். கழிவறை ஆசிடோடு பிளீச்சிங் பவுடர் ஒருபோதும் சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பட்டிக்கு முன்னால் பிரைமரா, பின்னால் பிரைமரா?

பெயிண்டருக்குப் பெயிண்டர் வேறு பதில் வரும் கேள்வி இது. எந்தப் பட்டி என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெள்ளைப் பொடியாக மூட்டையில் வருவது சிமென்ட் பட்டி. அது சிமென்ட் பூச்சோடு நேரடியாகப் பிடிக்க வேண்டும். ஆகவே அதற்கு அடியில் பிரைமர் வேண்டாம். சுவரை லேசாக நனைத்து, நேராகப் பட்டி போட்டு, தேய்த்து, அதன்மேல் பிரைமர் அடித்து, பிறகு பெயிண்ட். வாளியில் குழைவாக வருவது அக்ரிலிக் பட்டி. இதற்கு அடியிலும் பிரைமர் வேண்டும், மேலேயும் வேண்டும். இதை உள்சுவருக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மழை படும் இடத்தில் ஊறிப் போய்விடும்.

புதுச் சுவர் என்றால் என் தேர்வு சிமென்ட் பட்டிதான். ஏற்கெனவே பெயிண்ட் உள்ள சுவரில் சின்னக் குழிகளை அடைக்க அக்ரிலிக் பட்டி வசதி. வெளிச்சுவருக்கு, பூச்சு ஒழுங்காக இருந்தால் பட்டியே தேவையில்லை. வெளிப்புற பிரைமர் ஒன்று, வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டிங் போதும்.

பட்டி வேலை சரியாக நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கலக்கும் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். குடிக்கத் தகுந்த நீராக இருக்க வேண்டும், உப்புத்தண்ணீர் கூடாது. ஒரு கிலோ பொடிக்கு 350 முதல் 400 மில்லி வரை தண்ணீர் பிடிக்கும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அளவுக்குத்தான் கலக்க வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்துப் போட்டால் அது பின்னால் பொடியாகும்.

இரண்டு கோட்டிங்கும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் பள்ளம் இருந்தால் அது கொத்தனார் பூச்சில் சரிசெய்ய வேண்டிய குறை. பட்டியை அப்பிச் சமமாக்கினால் சில மாதங்களில் பாளம் பாளமாக விட்டுவிடும்.

தேய்ப்பதற்கு முதலில் 120-ஆம் எண் உப்புத்தாள், முடிவில் 180 அல்லது 220. சிமென்ட் பட்டி நாளாக ஆக இறுகிக்கொண்டே போகும். மறுநாளே தேய்த்தால் கை வலிக்காது. ஒரு வாரம் விட்டால் பாறை மாதிரி ஆகிவிடும். முகக்கவசம் கட்டாயம். வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் அந்தத் தூசியில் வேலை பார்க்கும் பெயிண்டர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. நல்ல முகக்கவசத்தை வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

தேய்த்து முடித்ததும், பொழுது சாய்ந்த பிறகு அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகலில் மட்டமாகத் தெரிந்த சுவரில் தகடு இழுத்த வரிகளும், சின்னச் சின்னப் பள்ளங்களும், உப்புத்தாள் படாத இடங்களும் நிழல் விழுந்து தெரியும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்தால், காலையில் பெயிண்டர் அந்த இடங்களை மட்டும் சரிசெய்துவிடுவார். சுவரை ஒட்டி மேலிருந்து வெளிச்சம் விழும் விளக்கு வரப்போகிற இடங்களில் இதை விட்டுவிடவே கூடாது.

அடுத்தது தூசி. தேய்த்த சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை வெள்ளையானால் இன்னும் துடைக்கவில்லை என்று அர்த்தம். அந்தத் தூசியின் மேல் அடிக்கும் பிரைமர் தூசியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. பெயிண்ட் தாள் தாளாக உரிந்து வரும் பல வீடுகளில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பொடி அப்பியிருக்கும்.

பழைய பெயிண்டை முழுவதும் சுரண்ட வேண்டுமா?

எப்போதும் தேவையில்லை. ஓரிடத்தில் பிளேடால் பெருக்கல் குறி மாதிரி கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுத்துப் பாருங்கள். பெயிண்ட் கூடவே வந்தால் சுரண்டியாக வேண்டும். வரவில்லை என்றால் கழுவி, லேசாகத் தேய்த்து மேலே அடிக்கலாம்.

டிஸ்டம்பரும் சுண்ணாம்பும் மட்டும் விதிவிலக்கு. ஈரத்துணியால் தேய்த்தால் கரைந்து வரும் எதையும் முழுக்க எடுத்துவிட்டுத்தான் எமல்ஷன் அடிக்க வேண்டும். எண்ணெய்ப் பெயிண்ட் அடித்த பளபளப்பான சுவர் என்றால், அந்தப் பளபளப்பு மங்கும் வரை உப்புத்தாளால் தேய்த்தால்தான் அடுத்தது பிடிக்கும். சமையலறைச் சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை முதலில் சோப்புநீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கழுவாமல் தேய்த்தால் எண்ணெய் இன்னும் பரவும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்கிறார்களே?

இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்டில், குறிப்பாகக் கதவு, ஜன்னல், கிரில்லில் உள்ள மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், தீயால் வாட்டவும் வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடிந்து சுத்தம் செய்யும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும்.

விரிசலை என்ன செய்வது?

மயிரிழை விரிசல் என்றால் தகட்டின் முனையால் கொஞ்சம் அகலமாகக் கீறிவிட்டு, தூசி தட்டி, கிராக் ஃபில்லர் அடைக்கலாம். அகலப்படுத்தாமல் மேலே தடவினால் ஃபில்லர் உள்ளே போகாது. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விடும் விரிசல், இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது. அங்கே வலை வைத்துப் பூசினால்தான் நிற்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாளுக்கு நாள் அகலமாகும் விரிசல் இருந்தால் பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மேட், சாட்டின், கிளாஸ்: எந்த அறைக்கு எது?

மேட்டில் பளபளப்பு இருக்காது, சாட்டினில் கொஞ்சம் இருக்கும், கிளாஸில் அதிகம். பளபளப்பு கூடக் கூட, துடைக்க வசதி கூடும். சுவரின் குறையும் கூடுதலாகத் தெரியும். கூரைக்கு மேட். வரவேற்பறை, படுக்கையறைக்கு மேட் அல்லது மென்மையான மினுமினுப்பு. சமையலறை, குழந்தைகள் புழங்கும் இடம், மாடிப்படிச் சுவருக்குச் சாட்டின். டிஸ்டம்பர் மலிவு, ஆனால் அதில் சுண்ணப்பொடி அதிகம், பிணைப்புப் பொருள் குறைவு. துடைத்தால் நிறமே கையோடு வரும். வாடகை வீட்டுக்குக்கூட இப்போது குறைந்த விலை எமல்ஷனே நல்லது என்பேன்.

கலர் கார்டில் பார்த்தது சுவரில் வேறு மாதிரி வருகிறதே?

கட்டைவிரல் அளவுச் சதுரத்தைப் பார்த்து நாலு சுவரை முடிவு செய்ய முடியாது. சின்ன டப்பா வாங்கி, பிரைமர் அடித்த சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு இரண்டு கோட்டிங் அடித்து, காலை, மாலை, இரவு விளக்கு மூன்றிலும் பாருங்கள். ஒரே நிறம் நாலு சுவரிலும் எதிரொளித்து, கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு படி வெளிர் நிறமாக எடுங்கள்.

அழுத்தமான மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கான பேஸில் (நிறம் கலப்பதற்கு முன் டப்பாவில் உள்ள பெயிண்ட்) வெள்ளை நிறமி குறைவு, அதனால் அடியில் உள்ளது தெரியும்; மூன்றாவது கோட்டிங்குக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெளிச்சுவரில் பளீர் ஊதா, ரோஸ் வெயிலுக்கு வெளிறும். இரும்பு ஆக்சைடு நிறமியால் வரும் காவி, மண் மஞ்சள், செம்மண் நிறங்கள் நிலைத்து நிற்கும்.

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது?

10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்று வையுங்கள். சுற்றளவு 44 அடி, சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. கதவுக்கு 21, நாலடிக்கு நாலடி ஜன்னல் இரண்டுக்கு 32 கழித்தால் 387. பட்டி பார்த்த உள்சுவரில் ஒரு லிட்டர், இரண்டு கோட்டிங்குக்குச் சுமார் 100 சதுர அடி வரும் என்று வைத்தால் 4 லிட்டர் போதும். நல்ல ரகம் இதைவிடக் கூடுதலாகவே பரவும். சொரசொரப்பான வெளிச்சுவரில் 50, 60-தான் கிடைக்கும். ஒரே நிறத்தில் இரண்டு, மூன்று டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டு அடியுங்கள். மெஷினில் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா ஒரு இழை மாறும்.

அடிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தண்ணீரைத்தான். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் கலந்தால் பெயிண்ட் அதிக தூரம் வரும், ஆனால் மறைக்காது, துடைத்தால் நிற்காது. அளவுக் குவளை ஒன்றை வேலை நடக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். கோட்டிங்குக்கு நடுவே குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். எனாமலுக்கு ஓர் இரவு. ஒரு சுவரைத் தொடங்கினால் மூலைக்கு மூலை முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் காய்ந்த ஓரமும் புதுசும் சேரும் இடம் கோடாகத் தெரியும். மாஸ்கிங் டேப்பைக் கடைசி கோட்டிங் முழுதும் காய்வதற்குள் உரித்துவிடுங்கள்.

கிரில்லுக்கும் கதவுக்கும்?

இரும்பில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். கடற்கரை ஊர்களில் ஓர் இரவு விட்டால்கூட மறுபடி துரு பூக்கும். மரத்துக்கு வுட் பிரைமர், அடுத்து பட்டி, அதற்கப்புறம் எனாமல். கதவின் மேல் ஓரத்தையும் அடி ஓரத்தையும் விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் கதவு உப்பிப் பிடித்துக்கொள்வதற்கு அது ஒரு காரணம். வெள்ளை எனாமல் எண்ணெய் வகையாக இருந்தால் வெளிச்சம் குறைந்த அறையில் மஞ்சளாகும், தண்ணீர் வகை அப்படி ஆகாது.

எங்களுடையது சுண்ணாம்புப் பூச்சு போட்ட பழைய வீடு. பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்தச் சுவர் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை மேல்பரப்பு வழியே வெளியே விட்டுக்கொண்டுதான் இத்தனை காலம் நின்றிருக்கிறது. சிமென்ட் பட்டியாலும் பிளாஸ்டிக் படலத்தாலும் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சைக் கரைக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து (தண்ணீர் விட்டு நீற்றி), வடிகட்டி, கொஞ்சம் பிசினும் நீலமும் சேர்த்து மூன்று மெல்லிய கோட்டிங் அடியுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் இருப்பதுபோல் மெருகேற்றிய பழைய பூச்சாக இருந்தால் அதன்மேல் எதுவுமே அடிக்காமல் மென்மையாகத் துடைப்பதோடு விடுங்கள்.

பெயிண்டரிடம் என்ன பேசிக்கொள்வது?

சதுர அடிக் கணக்கா, மொத்தமா. கதவு ஜன்னல் கழிக்கப்படுமா. பட்டி எத்தனை கோட்டிங், பிரைமர் எத்தனை, பெயிண்ட் எத்தனை. சாரமும் சுத்தம் செய்வதும் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பல வாளிகளில் பெயிண்டருக்கென்று கம்பெனி வைக்கும் பரிசு டோக்கன் வரும். அது அவருக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு சுமுகமாகப் போகும். ஆனால் எந்த ரகம் என்பதை நீங்களே முடிவு செய்து, சீல் பிரிக்காத டப்பாவாக இறக்குங்கள். காத்திருக்கும் நாட்களையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நாள் வீணாகிறதே என்ற அவசரத்தில்தான் ஈரமான பட்டி மேல் பிரைமர் ஏறுகிறது.

மீதமான பெயிண்டை வைத்திருக்கலாமா?

வைத்திருங்கள், சுவரில் கீறல் விழுந்தால் உதவும். பெரிய டப்பாவின் அடியில் கொஞ்சமாக விடாமல், விளிம்பு வரை நிரம்பும் சின்ன டப்பாவுக்கு மாற்றி இறுக மூடுங்கள். ஷேடு எண், பேஸ், அடித்த அறை, மாதம், வருஷம் எல்லாவற்றையும் மேலே எழுதி ஒட்டுங்கள். திறந்தால் அழுகிய வாடை வந்தால் அது கெட்டுவிட்டது. அதைச் சாக்கடையில் ஊற்றாமல் மணலைக் கொட்டிக் கலந்து, கெட்டியாகக் காயவைத்துக் குப்பை எடுப்பவரிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.